கோடை வெப்பமும் கறவை மாடுகளும்: மூலிகை மருந்துச் சக்கையைத் தீவனமாகக் கொடுக்கும் முறை

கோடை தொடங்கியதும் குடியானவர்களின் கவனம் கிணற்றின் நீர்மட்டத்திலும் வைக்கோற்போரின் அளவிலுமே முதலிற் செல்வது வழக்கம். தொழுவத்தில் நிற்கும் பசுவும் எருமையும் வெயிலாற் படும் துன்பத்தைப் பால் குறைந்த பின்னரே பலர் உணருகின்றனர். வேலூர், கரூர், ஈரோடு, மதுரை முதலிய ஜில்லாக்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் உஷ்ணம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதுண்டு. நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு ஒன்று வெப்பத்தால் 2 லிட்டர் குறைத்துக் கறக்குமாயின், 60 நாட்களில் 120 லிட்டர் நஷ்டமாகும். பத்துப் பசு வைத்திருப்பவருக்கு இது 1,200 லிட்டர். சினை பிடிக்காமற் போகும் பசுக்களால் வரும் நஷ்டம் இதனினும் பெரிது.

இந்த நஷ்டத்தைக் குறைப்பதற்கு, மருந்துச் சாலைகளில் கஷாயம் வடித்த பின் எஞ்சும் மூலிகைச் சக்கையைத் தீவனத்திற் சேர்க்கலாமா என்ற கேள்வி இக்காலத்தில் எழுந்துள்ளது. சேர்க்கலாம், ஆயினும் எல்லாச் சக்கையும் தீவனமாகாது, தீவனமாகும் சக்கையும் நிழலுக்கும் தண்ணீருக்கும் ஈடாகாது. இவ்விரண்டையும் மறந்து சக்கையைக் கொடுப்பவர் பயன் காணார் என்பதோடு, மாட்டையே இழக்கவும் கூடும். ஆகையால் இதன் முறைகளை ஒழுங்காக அறிந்துகொள்வது அவசியம்.

வெப்பம் மாட்டை வருத்தும் விதம்

பசுவின் உடல் உஷ்ணம் சாதாரணமாக 38.6 டிகிரி சென்டிகிரேடு, அதாவது பாரன்ஹீட் அளவில் 101.5 டிகிரியை ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து வரும் வெயிலன்றி, மாட்டின் உள்ளேயும் உஷ்ணம் உண்டாகிறது. அசையூண் வயிற்றில் தீவனம் நொதிக்கும்போதும், பால் சுரக்கும்போதும் வெப்பம் பிறக்கும். ஆகவேதான் அதிகம் கறக்கும் கலப்பினப் பசு அதிகம் வாடுகிறது. காங்கேயம், உம்பளாச்சேரி, புலிக்குளம், பர்கூர் முதலிய நாட்டு மாடுகள் குறைவாகவே பால் கறப்பினும், நன்கு வியர்த்து வெப்பத்தைப் போக்கிக்கொள்ளும் தன்மையுடையன. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் பசுவைவிட மிகக் குறைவு, தோலும் கறுப்பு, மயிரும் அடர்த்தியற்றது. அது குட்டையைத் தேடி ஓடுவது சோம்பலாலன்று, பிழைப்பதற்காகவே.

உஷ்ணத்தோடு காற்றின் ஈரத்தையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கணிக்கும் வெப்ப ஈரப்பதக் குறியெண் என்றோர் அளவு உண்டு. அது 72-ஐத் தாண்டியதும் அதிகம் கறக்கும் பசுக்களின் பால் குறையத் தொடங்கும். 25 டிகிரி உஷ்ணமும் நூற்றுக்கு 50 பங்கு ஈரமும் உள்ள நாளிலேயே அவ்வெண் 72-ஐ எட்டிவிடுகிறது. உள்நாட்டில் 40 டிகிரி உஷ்ணமும் 25 பங்கு ஈரமும் உள்ள நாளில் அது 85. கடற்கரையோரத்தில் 35 டிகிரி உஷ்ணமும் 60 பங்கு ஈரமும் உள்ள நாளில் 87. ஆகவே, வெயில் குறைவென்று கடற்கரைக் கிராமத்தார் கவலையற்றிருத்தல் தவறு.

வெப்பம் மிகுந்தவுடன் மாடு தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆயினும் பால் குறைவில் ஏறக்குறையப் பாதியோ அதற்கும் குறைவோதான் இதனால் நேருகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எஞ்சிய குறைவு உடலின் உள்ளே நேரும் மாறுதல்களால் வருவது. மூச்சிரைப்பினால் இரத்தத்தின் காரத்தன்மை மாறுகிறது. வாயினின்று ஒழுகி வீணாகும் உமிழ்நீர் வயிற்றுக்குட் செல்லாமையால் அசையூண் வயிறு புளிக்கிறது. குடலின் உட்சுவர் தளர்ந்து, நச்சுப்பொருள்கள் இரத்தத்திற் கலக்க இடமுண்டாகிறது. உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்ஸிஜன் சேர்மங்கள் உடலிற் பெருகுகின்றன. மூலிகைகளைப் பற்றிய பேச்சு எழுவது இந்த இடத்திலேதான். பல மூலிகைகளிலுள்ள துவர்ப்புச் சத்துக்கள் இத்தகைய சிதைவைத் தடுக்க வல்லன.

சினைப்பசுவையும் இங்கே குறிப்பிடவேண்டும். ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்களில் வெப்பத்தால் வாடும் பசு, ஈன்றபின் குறைவாகவே கறக்கும். அதன் கன்றும் எடை குறைந்து பிறக்கும் என்று அமெரிக்காவின் புளோரிடா மாகாண ஆராய்ச்சிகள் தெளிவாக்கியுள்ளன. பால் வற்றிய பசுதானே என்று அதனை வெயிலிற் கட்டுவது அடுத்த ஈற்றின் பாலை விற்றுவிடுவதற்கு ஒப்பாகும்.

மூச்சை எண்ணுதல்

மாட்டின் துன்பத்தை அளக்கக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. பிற்பகல் 2 மணி முதல் 3 மணிக்குள், மாடு அமைதியாக நிற்கும்போது அதன் விலாப்பகுதி ஏறி இறங்குவதை அரை நிமிஷம் எண்ணி, அதனை இரட்டித்துக்கொள்ளல் வேண்டும். நிமிஷத்துக்கு 60-க்கு மேற்பட்டால் மாடு வெப்பத்தால் வருந்துகிறது என்று கொள்ளலாம். 90-ஐத் தாண்டினால் நிலை கடுமை. வாய் திறந்து நாக்கு வெளியே தொங்குதல், நுரையாக எச்சில் ஒழுகுதல், படுக்காமல் நின்றுகொண்டேயிருத்தல், தண்ணீர்த்தொட்டியை விட்டு அகலாமை ஆகியவையும் அறிகுறிகள். உடல் உஷ்ணம் 41 டிகிரியை எட்டினால் உயிருக்கே ஆபத்து. மாட்டை நிழலில் நிறுத்திக் குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றிக்கொண்டே கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும். அந்நேரத்தில் எவ்வித மூலிகையையும் வாயில் புகட்டுதல் ஆகாது. மூச்சிரைக்கும் மாட்டுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடக் கூடும்.

முதலிற் செய்யவேண்டியவை

சக்கையைப் பற்றி எண்ணுவதற்கு முன் பின்வருவன நிறைவேறியிருத்தல் வேண்டும்.

1. நிழல். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருப்பின் வெயில் உள்ளே விழுவது குறையும். தகரக் கூரையின்மேல் தென்னங்கீற்று அல்லது வைக்கோல் பரப்புதல் நன்று. மரநிழல் எக்கூரையினும் மேலானது.

2. தண்ணீர். கறவைப் பசு கோடையில் நாளொன்றுக்கு 80 லிட்டருக்கு மேலும் குடிக்கும். இரண்டு வேளை மட்டும் காட்டுவது போதாது. தொட்டியில் எப்பொழுதும் நீர் இருக்கவேண்டும். தொட்டியும் நிழலில் இருத்தல் வேண்டும்.

3. நனைத்தலும் காற்றும். மாட்டின்மீது நீர் தெளித்தபின் காற்று வீசினால்தான் உடல் குளிரும். காற்றோட்டமில்லாத கொட்டகையில் நீர் தெளித்தால் ஈரம் தங்கிப் புழுக்கம் மிகுமேயன்றிக் குறையாது. எருமைக்குக் குட்டையில் இறங்க வசதி செய்தல் சிறந்தது.

4. தீவன நேரம். தீவனம் உண்ட சில மணி நேரத்திற்குப் பிறகே வயிற்று வெப்பம் உச்சத்தை அடையும். முற்பகல் 10 மணிக்கு இடும் தீவனத்தின் வெப்பம் உச்சி வெயிலோடு சேர்ந்துவிடுகிறது. ஆகையால் விடியற்காலையிலும், சூரியன் சாய்ந்த பின்னும், இரவிலும் தீவனமிடல் வேண்டும்.

5. உப்பு. வியர்வையால் பசுவின் உடலிலிருந்து பொட்டாசியமும், உமிழ்நீர் ஒழுகுவதால் சோடியமும் வீணாகின்றன. தாது உப்புக் கலவையும் சாதாரண உப்பும் தவறாமற் சேர்க்கவேண்டும். தானியத் தீவனம் மிகுதியாகத் தின்னும் பசுக்களுக்குச் சோடா உப்பை வைத்தியர் சொல்லும் அளவிற் கொடுக்கலாம்.

சக்கை என்பது யாது

கஷாயம் காய்ச்சுவோர் சரக்கின் கடினத்துக்கேற்ப நான்கு, எட்டு அல்லது பதினாறு பங்கு நீர் விட்டு, அது நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ சுண்டும்வரை காய்ச்சி வடிப்பர். வடித்தபின் எஞ்சுவதே சக்கை. முற்காலத்தில் வீட்டிலும் வைத்தியர் மனையிலும் காய்ச்சியபோது அது ஒரு கைப்பிடியளவே; எருக்குழிக்குப் போய்விடும். 1944-ஆம் வருஷத்தில் சென்னையில் இந்திய வைத்தியர்களின் கூட்டுறவு மருந்துச் சாலை ஏற்பட்டது போல, மருந்து செய்தல் பெருந் தொழிலாக வளர்ந்தபின் சக்கையும் வண்டி வண்டியாகச் சேரலாயிற்று. ஈரத்தோடு குவித்த சக்கை இரண்டொரு நாளில் நாற்றமெடுத்து ஊருக்குத் தொல்லையாகிறது.

சீன தேசத்தில் இத்தொழில் மிகப் பெரிதாகையால், சக்கையைத் தீவனமாக்கும் ஆராய்ச்சியும் அங்கேதான் அதிகம். தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துவந்த நோயணுக்கொல்லி மருந்துகளை அந்நாட்டு அரசாங்கம் 2020-ஆம் வருஷத்தில் விலக்கிவிட்டபின், அவற்றுக்கு மாற்றாக மூலிகையையும் மூலிகைச் சக்கையையும் நாடுவது மேலும் அதிகரித்தது. பால்புளிக்கச் செய்யும் இனத்து நுண்ணுயிர்களையும் ஈஸ்டையும் சேர்த்துச் சக்கையை நொதிக்க வைத்துக் கொடுப்பது அங்குள்ள முறைகளுள் ஒன்று.

சக்கையில் எஞ்சியிருப்பது எது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். நீரிற் கரையும் மருந்துச் சத்தின் பெரும்பகுதி கஷாயத்தோடு சென்றுவிடுகிறது. மணமுள்ள எண்ணெய்கள் ஆவியாகிப் போகின்றன. எஞ்சுவன நார், சிறிது மாவுப்பொருள், நாரோடு பிணைந்து நிற்கும் துவர்ப்புச் சத்துக்கள் ஆகியவை. ஆகையால் முழு மூலிகையைக் கொடுத்து நடத்திய சோதனைகளிற் கண்ட பலனை அதன் சக்கைக்கும் அப்படியே ஏற்றிக் கூறுதல் பிழை. சக்கை ஓரளவு நார்த்தீவனம். அதனோடு சிறிது மூலிகைக் குணமும் உடையது. அவ்வளவே.

கொள்ளத்தக்கவையும் தள்ளத்தக்கவையும்

எச்சரக்கின் சக்கை என்று திட்டமாகத் தெரியாததைத் தொழுவத்துள் கொண்டுவரலாகாது. இது முதல் விதி. ஒரே மூலிகையின் சக்கையாயிருப்பது நலம்.

தண்ணீர்விட்டான் கிழங்கின் சக்கை மென்மையானது. மாடுகள் விரும்பித் தின்னும். பால் சுரப்பதற்கு அக்கிழங்கைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். நெல்லிக்காய்ச் சக்கையும் கொள்ளத்தக்கது. நெல்லிக்காயின் சிறப்பு அதன் வைட்டமின் ‘சி’ என்று கருதுவர். ஆனால் மாடு அவ்வைட்டமினைத் தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கிறது. உண்ணும் வைட்டமினோ அசையூண் வயிற்றிற் பெரும்பாலும் அழிந்துபோகும். மாட்டுக்கு நெல்லிச் சக்கையால் வரும் நன்மை அதன் துவர்ப்புச் சத்தினாலேயாம். அதிமதுரச் சக்கை இனிப்பாயிருத்தலால் மாடுகள் தின்னுமாயினும், அதிமதுரம் மிகுந்தால் உடலிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். வியர்வையால் பொட்டாசியத்தை இழக்கும் காலத்தில் அதனைச் சிறிதளவுக்கு மேற் கொடுத்தலாகாது.

தசமூலம் போன்ற வேர்ச் சரக்குகளின் சக்கை பெரும்பாலும் மரக்கட்டையே. அது செரியாது. எருக்குழிக்கு நல்லது. கடுக்காய், தான்றிக்காய்ச் சக்கைகளில் துவர்ப்பு மிகுதி. கடுக்காய் தோல் பதனிட உதவுவது எல்லோரும் அறிந்ததே. தோலிலுள்ள புரதத்தைப் பிணைக்கும் அப்பொருளே தீவனத்திலுள்ள புரதத்தையும் பிணைத்துச் செரியாமற் செய்யும். அளவு மீறினால் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதி. நிலாவாரை, சிவதை முதலிய பேதிச் சரக்குகளின் சக்கையும் கோடைக்கு ஆகாது. உடலில் தண்ணீர் நிற்கவேண்டிய காலத்தில் கழிச்சலை உண்டாக்குவது பெருந் தீங்கு.

எட்டிக்கொட்டை, நாபி, ஊமத்தை, சேராங்கொட்டை, நேர்வாளம், குன்றிமணி, அலரி ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்த மருந்தின் சக்கை விஷம். வைத்தியர்கள் இவற்றைச் சுத்தி செய்தபின் மருந்திற் சேர்ப்பர். சுத்தி செய்த கழிநீரும் கழிவும் இன்னும் கொடியவை. பஸ்பம், செந்தூரம் செய்யும் இடத்துக் குப்பையில் பாதரசம், ஈயம், பாஷாணம் இருக்கக் கூடும். அதனருகே மாட்டை விடவே கூடாது. தைலம் காய்ச்சிய கல்கம் எண்ணெய் சிக்கேறியது, தள்ளத்தக்கது. யந்திரசாலைகளில் நீருக்குப் பதிலாக ஹெக்ஸேன், மெத்தனால் போன்ற கரைப்பான்களைக் கொண்டு சத்தெடுத்த சக்கையையும் வாங்கலாகாது. வாங்குவோர், நீரில் மட்டும் காய்ச்சியது என்பதையும் சரக்கின் பெயரையும் காய்ச்சிய தேதியையும் மருந்துச் சாலையாரிடம் எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது அவசியம்.

உலர்த்தலும் பதப்படுத்தலும்

சக்கையினால் வரும் ஆபத்துகளுள் அடிக்கடி நேர்வது பூஞ்சணம். வெந்த ஈரச் சக்கை கோடையில் ஒரு நாளிலேயே பூக்கத் தொடங்கும். பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு பசுவின் ஈரலைக் கெடுப்பதுடன் பாலிலும் இறங்கும். பாலில் அந்நஞ்சு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேலிருத்தல் இந்திய உணவுச் சட்டப்படி கூடாது. பூத்த சக்கையை வெயிலிற் காயவைத்தாலும் நஞ்சு நீங்காது.

காய்ச்சிய அன்றே சக்கையைக் கொண்டுவந்து, சுத்தமான களத்திலோ தார்ப்பாயிலோ இரண்டு விரற்கடைக்கு மேற்படாத கனத்திற் பரப்பி, மணிக்கொருதரம் கிளறிவிடவேண்டும். கையால் ஒடித்தால் சடக்கென ஒடியும் பதம் வந்தபின் சாக்கில் கட்டி, தரையில் படாமற் பலகைமேல் அடுக்கி, இரண்டு மாதங்களுக்குள் செலவிட்டுவிடல் நன்று.

உலர்த்த இடமில்லாதவர் ஊறுகாய்ப்புல்லாக்கலாம். ஈரம் வடித்த சக்கை ஒரு பங்குக்கு, துண்டு துண்டாக நறுக்கிய பச்சைச் சோளத்தட்டை அல்லது மக்காச்சோளத்தட்டை மூன்று பங்கு சேர்த்து, நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு வெல்லக் கரைசலைத் தெளித்து, காற்றுப் புகாத பீப்பாயில் இறுக மிதித்து மூடிவைக்கவேண்டும். 45 நாள் கழித்துத் திறந்தால் இனிய புளிப்பு வாசனை வீசும். அழுகல் நாற்றமோ பூஞ்சணமோ இருப்பின் அதனை எருக்குழியில் இடுவதே முறை.

கொடுக்கும் அளவு

400 கிலோ எடையுள்ள கறவைப் பசு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 கிலோ உலர்பொருள் உண்ணும். அதில் நூற்றுக்கு 5 பங்கு, அதாவது உலர்ந்த சக்கை 500 கிராமை மேல் எல்லையாகக் கொள்வது பாதுகாப்பானது. முதல் நாள் 100 கிராம் மட்டும் தவிட்டோடு கலந்து கொடுத்து, பத்து நாட்களில் சிறுகச் சிறுக உயர்த்தவேண்டும். மாலைத் தீவனத்தோடு கொடுப்பது உத்தமம். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கும், ஈனுவதற்கு மூன்று மாதத்துக்குள் இருக்கும் சினைப்பசுவுக்கும், நோயுற்ற மாட்டுக்கும் கொடுத்தலாகாது. கழிச்சல் கண்டாலும், அசைபோடுவது குறைந்தாலும், பாலில் வேற்று வாசனை வீசினாலும் உடனே நிறுத்தல் வேண்டும்.

பலனைச் சோதித்தறிதல்

மழை பெய்து காற்றுக் குளிர்ந்த வாரத்தில் பால் ஏறியிருக்க, அதனைச் சக்கையின் பலனென்று எண்ணிவிடுவது எளிது. இம்மயக்கத்தைத் தவிர்க்க ஒரு சிறு சோதனை போதுமானது. கறவையிலும் ஈற்றிலும் ஏறக்குறைய ஒத்த ஆறு பசுக்களை மும்மூன்றாகப் பிரித்து, முதற் பத்து நாள் எதற்கும் சக்கையின்றிப் பாலையும் பிற்பகல் மூச்சையும் குறித்துவரவேண்டும். பின்னர் ஒரு பகுதிக்கு மட்டும் 21 நாள் சக்கை கொடுத்து, அதன்பின் அப்பகுதிக்கு நிறுத்தி மற்றப் பகுதிக்குக் கொடுக்கவேண்டும். நிழல், தண்ணீர், மற்றத் தீவனம் எல்லாம் இரு பகுதிக்கும் சமமாயிருத்தல் அவசியம். சக்கை தின்ற பகுதியிலே, இருமுறையும், மூச்சு குறைந்தோ பால் நின்றோ காணப்படின் அதனைப் பலன் எனக் கொள்ளலாம். இரு பகுதியிலும் ஒன்றுபோற் பால் ஏறினால் அது மழையின் பலன். எவ்வித வேறுபாடும் இல்லையாயின், வண்டிச் சத்தத்தையும் உலர்த்தும் கூலியையும் மிச்சம் பிடித்து அப்பணத்தைக் கொட்டகைக் கூரைக்குச் செலவிடுவதே விவேகம்.

கிராம அதிகாரிகளின் கடமை

இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் செய்யக்கூடியன பல. மருந்துச் சாலையின் கழிவு ஓடைக்கரையிலோ மேய்ச்சற் புறம்போக்கிலோ கொட்டப்படுமாயின், அவிழ்த்துவிட்ட மாடுகள் அதனைத் தின்று மடியக் கூடும். இதனை முன்னரே தடுத்தல் வேண்டும். எருமைகள் இறங்கும் குட்டையைக் கோடைக்கு முன் தூர் எடுப்பித்தல், மேய்ச்சல் நிலத்தில் நீர்த்தொட்டி அமைத்தல், வேம்பு, புங்கு, ஆல் முதலிய நிழல் மரங்களை நட்டுக் காத்தல் ஆகியவை ஊர் முழுவதற்கும் உதவுவன. சக்கை வாங்கும் குடியானவர்கள் பால் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் ஒன்றுசேர்ந்து வாங்கினால், சரக்கின் பெயர்ச் சீட்டைக் கேட்டுப் பெறுவதும், சந்தேகம் எழும்போது கால்நடை வைத்தியரைக் கொண்டு மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் எளிதாகும்.

நிழலும் நீரும் காற்றும் முதலாவது, தீவன நேரம் இரண்டாவது, உப்பு மூன்றாவது, சக்கை நான்காவது. முதல் மூன்றும் நிறைவேறிய தொழுவத்தில், பெயர் தெரிந்து, அன்றே உலர்ந்து, அளவோடு இடப்படும் சக்கை சிறிது உதவக் கூடும். அவை இல்லாத தொழுவத்தில் அதனால் உதவி ஏதுமில்லை. அடுத்த கோடை வருமுன், மாசி மாதத்திலேயே கூரையையும் தொட்டியையும் சீர்செய்யும் குடியானவர், சித்திரையிற் பால் குறைந்தபின் மருந்து தேடி அலையவேண்டிய நிலைமையை எய்தார்.